தோல் தந்தவரின் நட்சத்திரம்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு போகும் படகில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"அம்மன் கோயிலிலை அர்ச்சனைக்கு ஐயர் பேரும் நட்சத்திரமும் கேப்பார். தோல் தந்த ஆளுக்கு என்ன பேர் சொல்லுறது?" என்றார் மனைவி.

"அதை டொக்டர்மார் சொல்லமாட்டினம்."

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். "என்ன தோல், அண்ணை?"

கணவர் சப்பாத்துக் காலை நீட்டினார். "சீனி கூடி வந்த சலரோகப் புண். ஆறேல்லை, காலை எடுக்கோணும் எண்டவை. கனடாவிலை மகனிட்டைப் போன இடத்திலை, ஆரோ குடுத்த தோலிலையிருந்து வளர்த்தெடுத்ததை ஒட்டி ஆத்திப்போட்டினம்."

"நான் சொல்லேக்கை செருப்பே போடாத மனிசன். இப்ப இரவல் தோலெண்டு சப்பாத்தைக் கழட்டுறாரில்லை," என்றார் மனைவி. "சரி, ஐயருக்கு என்ன சொல்ல?"

"என்ரை பேரையே சொல்லும். ரெண்டு பேரும் ஒரே காலிலைதானே நிக்கிறம்."