இடுப்பளவு அலை

நான் மீன் சாப்பிடுவதில்லை, மேடம். கிள்ளைப் பக்கம் கடற்கரையில் பிறந்துவிட்டு இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். மதியம் உங்கள் கான்ஸ்டபிள் வாங்கிவந்த பொட்டலத்தில் வஞ்சிரத் துண்டு ஒன்று இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். மனசு உறுத்தி சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் நினைத்திருப்பார். அதெல்லாம் இல்லை. சாம்பாராக இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

நாற்றம்தான் காரணம். எங்கள் ஊரில் நாற்றம் இல்லாத பொருள் கிடையாது. தண்ணீர்க் குடம், பாய், துவைத்துக் காயப்போட்ட தாவணி, சாமி படத்துக்குப் போட்ட மாலை என்று எல்லாமே வீசும். சிதம்பரத்தில் பி.எஸ்சி. படித்தபோது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஜன்னலை மட்டும் மெதுவாகத் திறந்துவிட்டாள். அன்று முதல் எலுமிச்சம்பழத் தோலால் விரல் நகம் வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் காலேஜுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் டிகிரி. ரிசல்ட் வந்த அன்று அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு ஞாபகம் இருப்பது அவள் புடவையிலிருந்து வந்த நெத்திலி வாடை.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் ஊரில் தகவல் மையம் திறந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கரும்பலகை, கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர். மறுநாள் காற்று எப்படி, அலை எவ்வளவு என்று இன்டர்நெட்டில் வருவதைப் பார்த்து, சாயங்காலம் மைக்கில் சொல்வது என் வேலை. மீட்டர் கணக்கில் சொன்னால் யாருக்கும் ஏறவில்லை. அதனால் நானே ஒரு முறை வைத்தேன். முழங்கால் அலை என்றால் எல்லோரும் போகலாம். இடுப்பு அலை என்றால் பார்த்துப் போக வேண்டும். ஆளுயரம் என்றால் படகை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட வேண்டும். நிறுவனத்தார் மெச்சிக்கொண்டு, பக்கத்து ஊர் மையங்களிலும் இப்படியே சொல்லச் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள்.

"கடலுல கால நனைக்காதவ, கடலுக்கு நாள் பாத்துச் சொல்றா பாரு."

"இடுப்புன்னா யாரு இடுப்பு லேகா? உன் இடுப்பா, உங்கம்மா தங்கம்மா இடுப்பா?"

நான் சொன்னது தப்பவே இல்லை என்றதும் கிண்டல் நின்றுபோனது. கொஞ்ச நாளில் வானத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். சாயங்காலமானால் கரையில் நிற்கிற அத்தனை தலையும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பும்.

என் அக்கா அமிர்தம் சுனாமியில் போனாள். அவள் மகள் சிந்துஜா அப்போது நடை பழகி முடித்த குழந்தை. அக்கா செத்தால் அவள் புருஷனுக்குத் தங்கையைக் கட்டிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் எத்தனை அக்காமார் செத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்துப் பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தாலி வாங்கிக்கொண்ட பெண்கள் என் தெருவிலேயே உண்டு. நான் காலேஜில் இருந்ததால் என் முறை தள்ளிப்போனது, அவ்வளவுதான். 2008 ஆவணியில் அம்மா பேச்சை எடுத்தாள்.

"மாமனுக்கு இன்னாடி கொறைச்சல்? குடிக்கிறதில்ல. ஒங்கக்காள ஒரு நாளு கை நீட்டுனதில்ல. புள்ள ஒன்னையே சுத்திச் சுத்தி வருது."

"நான் டிகிரி படிச்சிருக்கேம்மா."

"படிச்சா? படிச்சவளுக்குப் புள்ள வேற வழியா பொறக்குமா?"

பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஞானாம்பாள் அத்தை சிரித்துச் சிரித்து இருமினாள். செதில் ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. என்னைக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மாமா பெயர் வைத்திலிங்கம். ஊரில் மற்றவர்கள் கரையோரம் வலை போட்டார்கள். அவர் மட்டும் ஒரு சின்ன ஃபைபர் படகை வைத்துக்கொண்டு சூரை மீனுக்காக ஆழத்துக்குப் போவார். படகின் இரண்டு பக்கமும் மூங்கில் கழியை நீட்டி, அதில் நீளக் கயிறு கட்டி, நுனியில் தூண்டில் முள். முள்ளில் இரை கிடையாது, பளபளக்கும் நைலான் இழைதான். படகு ஓட ஓட அது பின்னால் இழுபட்டு வரும். சின்ன மீன் தப்பி ஓடுகிறது என்று நினைத்துச் சூரை பாய்ந்து கவ்வும். கவ்வியதும் கையாலேயே இழுத்துப் போட வேண்டும். எஞ்சினுக்கு ஒருவர், கயிற்றுக்கு ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. எஞ்சினுக்கு சபாபதி, மாமாவின் கூட்டாளி.

கயிறு அறுத்து அறுத்து மாமாவின் விரல் மடிப்புகளில் சதை வெள்ளையாக வாய் பிளந்திருக்கும். பிளவுக்குள் ரத்தம் கறுத்துக் கிடக்கும், அவருடையதா மீனுடையதா தெரியாது. சூரை ரத்தம் மற்ற மீன் ரத்தம் மாதிரி இல்லை, ஆட்டு ரத்தம் மாதிரி கெட்டியானது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அந்த விரல்களால் ரசம் சோற்றைப் பிசைந்து உருட்டி சிந்துஜாவுக்கு ஊட்டுவார். அவள் உருண்டையை வாங்கிக்கொண்டு விரலையும் நக்குவாள். நான் என் தட்டைத் தள்ளி வைத்துக்கொள்வேன். தை மாதத்துக்குப் பிறகு அந்த விரல்கள் என் பாயில். நீங்களும் பெண்தான், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சாப்பிடும்போது தொழிலைப் பற்றிப் பேசுவார்.

"தண்ணி கண்ணாடியாட்டம் கெடந்தா சூரைக்குக் கயிறு தெரிஞ்சிடும் லேகா. கடலு கொஞ்சம் பொங்கணும். நொரை எழும்பிச்சின்னா வரும் பாரு, ஒண்ணு மேல ஒண்ணு. அப்ப வூடு வாசல் ஞாபகமே வராது."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். யாராவது பாடம் சொன்னால் கேட்பது என் பழக்கம்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மறுநாளைக்கு ஆளுயரத்துக்கும் மேல் என்று ஸ்க்ரீனில் வந்தது. விடியும்போது கடல் சாதுவாக இருக்கும், பொழுது ஏற ஏற வாடைக்காற்று கிளம்பும். நான் நிதானமாக யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தாள் என்று நீங்கள் எழுதினால் அது தப்பு. கரையோரம் வலை போடுகிறவர்கள் காற்று கிளம்புவதற்குள் திரும்பிவிடுவார்கள். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கப்போவது ஒரே படகு. அதில் இருப்பவர் திரும்ப மாட்டார். நுரை எழும்பும், சூரை ஏறும், வீடு வாசல் ஞாபகம் வராது. ஊரில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டேன், அதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். சபாபதியை நினைக்காமல் இல்லை. அவர் நன்றாக நீந்துவார்.

மைக்கைப் போட்டு, "நாளைக்கு இடுப்பு அலை. பாத்துப் போய்ட்டு வாங்க" என்றேன். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

வலைக்காரர்கள் எல்லோரும் நான் நினைத்தபடியே திரும்பினார்கள். சபாபதி பெட்ரோல் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறார். எந்த ஊர் விசைப்படகோ தூக்கிவந்து மறுநாள் கரையில் விட்டது. உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

"ரெண்டு கயித்துலயும் ஒரே நேரத்துல மீனு, தங்கச்சி. எஞ்சின கொறை மச்சான்னாரு, கொறைச்சேன். படகு பக்கவாட்டுல திரும்பிச்சி. அலை வந்து தலைக்கு மேல நிக்கிது. மச்சான், இது இடுப்பு இல்ல, கயித்த அறுத்துவுட்டுப் போயிடலாம்னு கத்துறேன். 'லேகா இடுப்புன்னா இடுப்புதான். இது ஏதோ ஒண்ணு ரெண்டு பெரிய அலை, போயிடும்'ங்கிறாரு. கயித்தக் கையில சுத்திட்டிருந்தாரு தங்கச்சி. படகு கவுந்ததும் மீனு அவர இழுத்துக்கிட்டு கீழ போயிடிச்சி."

பயந்த சூரை ஆழத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்று எனக்குத் தெரியாது. மாமா அதைச் சொல்லியிருக்கவில்லை.

"ஒன் தாலிய நான்தான் கடலுல உட்டுட்டு வந்துட்டேன்" என்று சபாபதி என் காலில் விழுந்தார். அவர் மூக்குச் சளி என் கால் விரலில் பட்டது. எழுந்து போய்க் கழுவிக்கொண்டேன்.

உடம்பு பிச்சாவரத்துப் பக்கம், சுரபுன்னை வேர்களில் சிக்கிக் கிடந்தது. நண்டு மேய்ந்திருந்ததால் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. விரல் மடிப்புகளைப் பார்த்து அடையாளம் சொன்னது நான்தான். தண்ணீரில் ஊறி, முதல் தடவையாக அவை சுத்தமாக இருந்தன.

கடல் ஏமாற்றிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் மைக்கைப் போட்டேன், சரியாகவே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். கேட்டது ஒருத்திதான், சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிற லோகநாயகி. சுனாமியில் புருஷனைக் கொடுத்தவள். மார்க்கெட்டில் பக்கத்து ஊர்ப் பெண்களோடு பேசும்போது தெரிந்திருக்கிறது. கூடையோடு வந்து மையத்துக்குள் நின்றாள்.

"அந்த ஊரு குழாயி அன்னைக்கு ஆளுயரம்னு சொல்லியிருக்குது. ஒன் குழாயி மட்டும் எப்படி இடுப்புன்னிச்சி?"

"மிஷின் தப்பு."

"ரெண்டு ஊருக்கும் ஒரே மிஷினு. வாய்தானடி வேற?"

கூடையிலிருந்து மீன் தண்ணீர் என் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். சரி. உண்மையில் பொய் சொன்னது நான்தான். அவர் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். இதில் நான் மறைக்க ஒன்றுமில்லை.

லோகநாயகிக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை, நான் மைக்கைப் போடுவதற்கு முன்னால், மாமா மையத்துக்கு வந்தார். உள்ளே வந்தால் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்து வாசலிலேயே நின்றார்.

"லேகா, தை மாசக் கல்யாணமெல்லாம் வேணாம். நாளைக்குக் கரைக்கு வந்ததும் ஒங்கம்மாகிட்ட சொல்லிடுறேன்."

நான் ஸ்க்ரீனிலிருந்து திரும்பினேன்.

"லோகநாயகிகிட்ட கேட்டேன், அவளும் சரின்னுட்டா. புள்ளைய நல்லா பாத்துக்குவா." தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "ஒன்னக் கட்டிக்கிட்டா தெனமும் சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் வூட்டுக்குள்ள காலு வெக்கணும். நமக்குச் சரிப்படாதும்மா. நீ ஒனக்குத் தக்கன ஆளாப் பாத்துக்க."

போகத் திரும்பியவர், ஊரில் எல்லோரும் கேட்பதுபோலக் கேட்டார்.

"நாளைக்குக் கடலு எப்படி இருக்குது?"

நிதானமாக யோசித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது அவர் அந்த வாசலில் நின்ற நேரம்தான்.

"இடுப்புதான் மாமா. போய்ட்டு வாங்க" என்றேன்.

ஆனால் இதை எழுத வேண்டியதில்லை, மேடம். படித்த பெண்ணை அவள் சம்மதம் இல்லாமல் கட்டிவைக்கப் பார்த்தார்கள், அவளுக்கு வேறு வழியில்லை என்று எழுதுங்கள், அதுதான் நடந்தது. அவர் முந்திக்கொண்டு என்னை வேண்டாம் என்றது வழக்குக்குத் தேவையில்லாத விஷயம்.