பெண் வீட்டு டிவியில் நாலாவது பேர்

கெலாங் பாத்தாவில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"பொண்ணு கவிதா நல்லவதான் லா. ஆனா அவங்க வீட்லயும் நம்ம வீட்ல இருக்குற கொரியன் சீரியல் ஆப்தான் இருக்கு. வேணாம்னு சொல்லிடப் போறேன்."

"அலமாக்! ஆப்புக்காகவா சம்பந்தத்தை விடுவீங்கக்கா?"

"மூத்த மருமக கொரியன் ஆப் கொண்டாந்தா. ரெண்டாவது மருமக இங்கிலீஷ் ஆப். பாஸ்வேர்டு குடுத்து எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம். தமிழ் சீரியல் ஆப் மட்டும் இல்ல. சின்னவன் சரவணன் கல்யாணத்தைத்தான் நம்பியிருக்கேன்."

"அங்க என்ன ஆப்புன்னு எப்படித் தெரியும்?"

"பொண்ணு பார்க்கப் போனப்ப டிவியைப் போடச் சொன்னேன். அதே கொரியன் ஆப்தான் திறந்துச்சு. யாரு பார்க்குறீங்கன்னு கேட்டு, வரிசையா பேரு வந்துச்சு. அப்பா, அம்மா, கவிதா, சரவணன்."

"சரவணன் யாரு?"

"அந்தப் பொண்ணோட தம்பியா இருக்கும்."

"அவ ஒரே பிள்ளைக்கா, கூடப் பிறந்தவங்க யாருமில்ல. நான்தானே சொன்னேன்."

 மூத்தவர் போனை எடுத்து மகனை அழைத்தார்.

"டேய் சரவணா, நம்ம வீட்லயே அந்த ஆப் இருக்கே. அவங்க டிவியில எதுக்குடா உன் பேரு?"

அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

"என்னக்கா சொன்னான்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து நாப்பது பாகம் பார்த்துட்டாங்களாம். இன்னும் இருபது இருக்காம். இனி எப்படி வேணாம்னு சொல்றது? கதை பாதியில நிக்குதே."