பேர் கூப்பிட்டவன்

பொழுதோட ஆறேகால் மணி இருக்கும்... கோத்தகிரிக்கு அக்கட்ட ஒரு எஸ்டேட்டு. ஃபேக்டரியில இருந்து மேல் டிவிசனுக்கு ஏறற மண்ரோடு. ரெண்டு மைலுக்கு ஒரு லைட்டு கிடையாது. அந்த ரோட்டுல தெனமும் ஒருத்தன் தனியா ஏறிப் போவான். கையில டார்ச்சு கூட இருக்காது. எதுக்குப் போனான் தெரியுமா? பேசறதுக்கு.

சுவாதி, கதவ நல்லா சாத்திட்டு வா கண்ணு, குளுரு உள்ள வருது. கரண்டு இப்போதைக்கு வராது, லைன் மேல மரம் சாஞ்சிருச்சாம். அந்த மெழுகுவத்திய நடுவுல வை. ஸ்ரீமதி, உன்ற கையக் குடு பாக்கலாம்... அட சாமி! ஐஸ் கட்டியாட்டம் கெடக்குது. நாளைக்கு நம்ம குவார்ட்டர்ஸ் ஆண்டு விழாவுல ஒரே ஒரு பாட்டு. அஞ்சு நிமிசம். அதுக்கு மூணு நாளா சோறு எறங்கலைங்கறே.

பயப்படாதேன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னாப் போற பயமா அது? கேன்டீன்ல ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்து உக்காந்திருக்கேன், இடுப்பு விட்டுப் போச்சு. புத்தி சொல்லறதுக்கெல்லாம் என்கிட்டத் தெம்பில்லை. கதை வேணும்னா கேளுங்க. தூக்கம் வரலைன்னு அப்பறம் என்னைய வையக் கூடாது, ஆமா.

என்ற ஊட்டுக்காரரோட சிநேகிதரு ஒருத்தரு, ராசுன்னு. தேயிலை லாரி ஓட்டினவரு. அவரு தங்கச்சி உமாராணியக் கட்டின மாப்பிள்ளைக்கு நடந்தது இது. அவம் பேரு இளங்குமரன். எங்க ஊட்டு அடுப்படியில உக்காந்துதான் ராசு இதச் சொன்னாரு. போட்ட சோத்த மனுசன் தொடவே இல்லை.

தேயிலை வெலை விழுந்துச்சே, அந்த வருசம். ரெண்டாயிரமோ, ரெண்டாயிரத்தி ஒண்ணோ. எஸ்டேட் எஸ்டேட்டா சாத்திட்டுப் போனாங்க. இவங்க எஸ்டேட்ல மேல் டிவிசனத்தான் மொதல்ல மூடினாங்க. லயத்து வரிசை ஊடுகள்ல இருந்த சனமெல்லாம் மூட்டை கட்டிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு. செடி வெட்டறதுக்கு ஆளில்லாம எல்லாம் மரமா வளந்து நின்னுச்சு. அப்பறம் ஃபேக்டரியும் நின்னுச்சு. இளங்குமரனுக்கு வேலையில்லை. உமாராணிக்கு ஏழாம் மாசம்.

அவங்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு... வாயி. மிமிக்ரி. நாலு பேரு உக்காந்திருந்தா போதும், தொரை பேசறது, டாக்டரு பேசறது, கரடி செடிக்குள்ள பொரண்டு ஓடறது, எல்லாத்தையும் அப்படியே எறக்குவான். வயிறு புண்ணாப் போகும் சிரிச்சு. ஆனா மேடைன்னா... போச்சு! நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். அதுக்கு முந்தின வருசம் யூனியன் விழாவுல ஏத்தி விட்டாங்க. "வணக்கம்"னான். மறுக்காவும் "வணக்கம்"னான். மூணாவது வணக்கத்தோட எறங்கி ஓடியே போயிட்டான். அன்னையிலிருந்து லயத்துல அவனுக்குப் பேரே வணக்கம்னு ஆகிப் போச்சு.

அப்பத்தான் மேட்டுப்பாளையத்துல ஆர்கெஸ்ட்ரா வெச்சிருந்த ஏழுமலைங்கறவரு சொல்லி அனுப்பினாரு. எஸ்டேட் மாரியம்மன் நோம்பிக்கு அவங்கதான் கச்சேரி. நடுவுல பத்து நிமிசம் மேடை தாரேன், சனம் சிரிச்சா அன்னைக்கு ராத்திரியே வேன்ல ஏறிக்க, இல்லைன்னா என்னையத் தேடி வராதேன்னு. அந்தப் பத்து நிமிசத்த விட்டா அவனுக்குப் போறதுக்கு வேற எடமில்லை. வயித்துப் புள்ளையோட அந்த இருட்டு லயத்துலதான் கெடக்கணும். நோம்பிக்கு இன்னும் பன்னெண்டு நாளு.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. எதுத்தாப்ல உக்காந்திருக்கறதெல்லாம் முட்டைக்கோசுன்னு நெனைச்சுக்கடான்னு ஒருத்தன். அவனும் போயி கோசுத் தோட்டத்துல நின்னு பேசிப் பாத்தான். கோசு முன்னாடியும் வேர்த்துச்சாம்! சிரிக்காதீங்க, பாவம். ஒருத்தரு பிராந்தி வாங்கிக் குடுத்தாரு, வாந்திதான் வந்துச்சு. மந்திரிச்ச கயிறு கட்டினாங்க. கை நடுங்கி அந்தக் கயிறும் சேந்து ஆடுச்சு.

கடைசியில அவனா ஒரு எடம் கண்டு புடிச்சான். மூடிக் கெடந்த மேல் டிவிசன்ல பெரட்டுக்களம். காலையில ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சுப் பேர் கூப்பிடற எடம். அங்க பேர் கூப்பிட்டு, நீ பதில் சொன்னாத்தான் அன்னைக்கு உனக்கு வேலை. கூப்பிடறவரு நிக்கறதுக்கு ஒரு சிமெண்டுத் திண்டு இருக்கும். இவன் அதுல ஏறி நிப்பான். அதுதான் அவனுக்கு மேடை.

என்ன பேசறது? அங்க பேர் கூப்பிட்டுட்டிருந்த கணக்குப்புள்ளை, மனுவேல் ரைட்டரு, அவரு குரல எடுத்தான். அவரு செத்து ஆறு வருசம் ஆச்சு. மூக்குல பேசுவாரு. பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு இருமல், ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. இவங்கம்மா அந்த வரிசையில இருபது வருசம் நின்னவங்க. அம்மா சேலையப் புடிச்சுட்டு நின்னு நின்னு, அம்மா போக மத்த நாப்பத்தொரு பேரும் வரிசை மாறாம இவனுக்கு மனப்பாடம். அப்படியே கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட கை நடுக்கம் நின்னுச்சாம். உமாராணிகிட்ட வந்து, "புள்ளே, எனக்கு வழி கெடைச்சிருச்சு"ன்னானாம்.

மூணாம் நாளு. மஞ்சு எறங்கிருச்சு... எதுத்தாப்ல மரம் கூடத் தெரியலை. ரெண்டு இருமல். பொடி. "தபித்தா..." பதிலுக்கு நிக்காம அடுத்த பேரு. "மருதாம்பா..."

"வந்துட்டேங்கய்யா."

ரெண்டாவது வரிசை. இடது ஓரம். மருதாம்பா எப்பவும் நிக்கற எடம். அந்தம்மா செத்து நாலு வருசமாச்சு, தூக்கிட்டுப் போனவங்கள்ல இவனும் ஒருத்தன்.

ஓடியிருக்கணும்ல? ஓடலை. நானும் ராசுகிட்டக் கேட்டேன், ஏனுங்க ஓடலைன்னு. அவன் சொன்னானாம், "மச்சான், பன்னெண்டு மாசமா பயந்து பயந்து சலிச்சுப் போச்சு. புதுசா பயப்படறதுக்கு உடம்புல தெம்பில்லை"ன்னு. எனக்கு அது வெளங்குது. அலுத்துப் போன மனுசனுக்குப் பேயென்ன, பிசாசென்ன.

அடுத்த பேரக் கூப்பிட்டான். பதில் வந்துச்சு. அதுக்கடுத்த பேரு... வந்துச்சு. அத்தனையும் மண்ணுக்குள்ள போன சனம். மஞ்சுக்குள்ள ஈரச் சாக்கு வாசம். வெத்தலை மெல்லற சத்தம். ஒருத்தி தும்மினா. நாப்பத்தொரு பேரும் முடிஞ்சதும் ரைட்டரு வழக்கமா என்ன சொல்லுவாரோ, அதையும் சொல்லிட்டான். "ஒம்பதாம் நம்பர் காட்டுக்குப் போங்க." காடுன்னா தேயிலைக் காடுதான். வாய்ப் பழக்கம், வேறொண்ணுமில்லை. சரசரன்னு செடி ஒதுங்கற சத்தம் மேல ஏறிப் போச்சாம்.

அங்கதான் தப்புப் பண்ணிட்டான். வேலைக்கு அனுப்பிட்டான்ல? அந்த எஸ்டேட்ல ஒரு வழக்கம். காலையில எந்த வாயி பேர் கூப்பிட்டுச்சோ, பொழுதோட அதே வாயிதான் பறிச்ச கொழுந்துக்கு எடையும் சொல்லணும். வேற ஆளு சொன்னா கொறைச்சு எழுதிருவாங்கன்னு பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க. எடை சொல்லற வரைக்கும் முதுகுல இருந்து கூடைய எறக்க மாட்டாங்க. அது இவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அவன் நெனப்பெல்லாம் அந்தப் பத்து நிமிசத்து மேலயே இருந்துச்சு.

மறுநாளு வாட்ச்மேன் சுவிசேஷமுத்து வந்து, "ஒம்பதாம் நம்பர்ல யாரோ கொழுந்து எடுத்திருக்காங்கப்பா, ஒரு வரிசைச் செடி முழுக்க மொட்டையா நிக்குது"ன்னாரு. ஆளொசரத்துக்கு மேல வளந்த செடி அது! அதக் கேட்டும் இளங்குமரன் பொழுதோட கெளம்பினான். உமாராணிதான் அழுதா. "ஏங்க, உங்க மேல பச்சை எலை வாசம் அடிக்குது, அங்க போவாதீங்க"ன்னு. "நோம்பி வரைக்கும் புள்ளே"ன்னுட்டான். தெனமும் போனான். தெனமும் கூப்பிட்டான். தெனமும் ஒம்பதாம் நம்பருக்கு அனுப்பினான். எடைக்கு மட்டும் ஒரு நாளும் நிக்கலை.

நோம்பி அன்னைக்கு மேடையேறினான். டியூப்லைட்டு, மைக்கு, எதுத்தாப்ல எரநூறு சனம். யாரோ பின்னால இருந்து "வணக்கம்!"னு கத்த, எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. அவனுக்குக் காலு ஆட ஆரம்பிச்சிருச்சு. அப்பத்தான் பாத்தான்... டியூப்லைட்டு வெளிச்சம் முடியற எடத்துக்கு அப்பால, வரிசையா நிக்கறாங்க. காலு ஆட்டம் நின்னு போச்சு. ரெண்டு இருமல் இருமினான். "தபித்தா..."

"வந்துட்டேங்கய்யா."

பதில் குரலும் இவனே குடுக்கறான்னு சனம் நெனைச்சிருச்சு! நாப்பத்தொரு பேரு, நாப்பத்தொரு குரலு. விசிலு, கைதட்டு. செத்துப் போன ஆத்தா குரலக் கேட்டுக் கண்ணத் தொடைச்சவங்களும் இருந்தாங்க. ஏழுமலை மேடைக்கே ஓடி வந்துட்டாரு. "யப்பா, உன் வாயே அசையலையேப்பா! எப்படிப்பா?"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே புருசனையும் பொண்டாட்டியையும் வேன்ல ஏத்திட்டுக் கெளம்பிட்டாரு.

கதை நல்லா முடிஞ்சுதுன்னு நெனைக்கறீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன்.

மூணு மாசம் போச்சு. உமாராணி எஸ்.டி.டி. பூத்துல இருந்து ராசுவக் கூப்பிட்டா. ஆம்பளப் புள்ளை பொறந்திருக்குது, இன்னும் அவரு மடியில போட்டுக் கொஞ்சலை, கச்சேரி முடிஞ்சா ஊட்டுக்கே வர்றதில்லை, பகல்ல வந்து செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாருன்னு ஒரே அழுகை. ராசு அந்தியூருக்குப் போனாரு, அன்னைக்கு அங்க கச்சேரி. முடியறப்ப மணி பன்னெண்டு. சனம் போயாச்சு, சேரெல்லாம் அடுக்கியாச்சு. இவன் மட்டும் இருட்டு மேடையில குத்த வெச்சு உக்காந்திருக்கான். கண்ணு உள்ள போயி, தாடி வளந்து... எலும்புந் தோலுமா.

"எறங்கி வா மாப்பிள்ளை, ஒரு டீ குடிக்கலாம்."

"எறங்க முடியலை மச்சான்."

என்ன பேச்சு இதுன்னு ராசு கையப் புடிச்சு இழுத்தாரு. இளங்குமரன் முதல் படியில காலு வெச்சான்... கீழ இருட்டுக்குள்ள ஒரே நேரத்துல எல்லாரும் ஒரு அடி முன்னால வந்த சத்தம். கூடைக் கயிறு இழுபடற சத்தம். கிர்ர்... கிர்ர்... அந்தியூரு வெக்கையில பச்சை எலை வாசம், குப்புன்னு. ராசு கையை விட்டுட்டாரு.

"கூடையோட நிக்கறாங்க மச்சான். மூணு மாசமா எறக்கலை. எந்த ஊருக்குப் போனாலும் வந்து நிக்கறாங்க. மேடையில இருக்கற வரைக்கும் பொறுத்துக்கறாங்க, விடிஞ்சாப் போயிர்றாங்க. எறங்கினா சுத்திக்கறாங்க. ஒண்ணும் பண்றதில்லை... சும்மா மூஞ்சியப் பாக்கறாங்க." ஏறறதுக்குப் பயந்தவன், இப்ப எறங்கறதுக்குப் பயந்து உக்காந்திருக்கான். அழக் கூட இல்லையாம். ஒரு கொட்டாவி விட்டுட்டு, "மச்சான், ஒரு தராசு கொண்டாந்து தர்றியா?"ன்னு கேட்டான்.

ராசு மலையேறிப் போயி, சுவிசேஷமுத்துகிட்டச் சொல்லி, மூடின எடைக் கொட்டாய்ல தொங்கிட்டிருந்த கொக்கித் தராச எடுத்துட்டு வந்தாரு. அடுத்த கச்சேரி கோபிக்கு அக்கட்ட ஒரு ஊரு. எல்லாம் முடிஞ்சு லைட்ட அணைச்சதும் மேடை மூங்கில்ல தராசக் கட்டினாரு. டார்ச்ச முள்ளு மேல அடிச்சுட்டு நின்னாரு.

தராசுக்குக் கீழ ஒண்ணுமில்லை. வெறும் கொக்கி.

கொக்கி கீழ எறங்குச்சு. மூங்கிலு மொனகுச்சு. முள்ளு ஆடி ஆடி... நின்னுச்சு.

இளங்குமரன் எந்திரிச்சு நின்னான். ரைட்டரு குரலு இல்லை, இருமல் இல்லை. எந்த மேடையிலயும் வெளிய வராத அவனோட சொந்தக் குரலு. "தபித்தா, பதினெட்டு." தொப்புன்னு ஒரு கூடை எறங்கற சத்தம். ஒரு பெருமூச்சு. "மருதாம்பா, பதினாறு." தொப்பு. ஒண்ணு கூடக் கொறைச்சுச் சொல்லலை. நாப்பத்தொரு பேரு. முடியறப்ப கெழக்க வெளுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. மூங்கிலு ஆட்டம் நின்னுச்சு. வாசம் போச்சு. நாயி கொலைக்கற சத்தம் கூட அப்பத்தான் கேட்டுச்சாம்.

இளங்குமரன் எறங்கினான். ஒரு படி. ரெண்டு படி. மண்ணு. யாரும் வரலை. ராசு அவனக் கட்டிப் புடிச்சுட்டு அழுதுட்டாரு. "வா மாப்பிள்ளை, ஊட்டுக்குப் போலாம், புள்ளையத் தூக்கலாம்"ன்னு தோள்ல கையப் போட்டுக் கூட்டிட்டு நடந்தாரு. பத்தடி வந்திருப்பாங்க.

பின்னால இருந்து ஒரு பொம்பளை குரலு. மரியாதையா. நெம்ப அலுப்பா.

"ஐயா... நாளைக்கு எந்தக் காட்டுக்குங்க?"