எழுத்துப்பிழை திருத்தம்

— இந்த போன்ல இன்னா போட்டுகீதுன்னு வாய்விட்டு படி நோயல்.

— ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுகினு இதெல்லாம் எதுக்கு மித்ரா? மொதல்ல சொக்கம்மா அக்காவ பாத்துட்டு வரலாம்.

— டாக்டர் உள்ள கீறாரு. அவரு வெளிய வர்ற வரைக்கும் படி.

— "அலாரம் வைக்க வேண்டிய அளவு" பக்கம். ஜூன் ஒம்போதாந் தேதி. திருத்தியவர், நோயல்.

— ஏன் திருத்தனோம்னு எழுத ஒரு கட்டம் கீதே, அதுல இன்னா எழுதிகீற?

— எழுத்துப்பிழை திருத்தம்.

— அம்பதுன்னு இருந்தத நூத்தம்பதுன்னு மாத்தனது எழுத்துப்பிழையா?

— கை தவறி அமுக்கியிருப்பேன். நீ தான அப்போ விக்கிய ஒழுங்கு பண்றேன்னு முந்நூறு பக்கத்தயும் கலைச்சிப் போட்டுகினு இருந்த. எது எங்க கீதுன்னே எனக்குப் புரியல.

— கலைச்சேன் தான். ஒரே விசயத்த எண்ணூர்ல ஒருத்தரு ஒரு மாதிரி எழுதிகிறாரு, வண்ணாரப்பேட்டைல உமைமா வேற மாதிரி எழுதிகிறா. கேஸ மோந்து கத்தற பொட்டிய வூட்ல எங்க மாட்றது, எந்த அளவுல அலாரம் வைக்கிறது, காத்துல கேஸ் ஏறி அலாரம் அடிச்சா எந்தப் பக்கம் ஓடறதுன்னு நான் தான் வரிசையா அடுக்கனேன். அந்தப் பொட்டிக்கு நாம எழுதன மோப்பம் இன்னா காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேரா, போன் போட்டுக் கேக்க? யாரு வோணா எடுத்துக்கலாம், யாரு வோணா திருத்தலாம், இன்னொருத்தரு சம்மதம் குடுத்தா ஏறிடும். ஜனத்துக்கு அந்த விக்கி தான் எல்லாம்.

— எனக்கே பாடம் எடுக்காத. மோப்பத்துக்கு மொத வரி எழுதனவன் நானு.

— அதனால தான் கேக்கறேன். அம்பதுக்கும் நூத்தம்பதுக்கும் நடுவுல ஆளுக்கு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா? யாரு சொல்லி மாத்தன?

— சூப்பர்வைசரு கூப்ட்டாரு.

— எந்த சூப்பர்வைசரு?

— நான் வேல செய்ற கம்பெனில தான், காத்துல கேஸ் வுட்ற அதே கம்பெனி. வாரத்துக்கு ரெண்டு வாட்டி உன் பொட்டி கத்துது, ஜனம் கம்பெனி கேட்டாண்ட வந்து நின்னுடுதுன்னாரு. பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல என் பேரு கீதுன்னும் சொன்னாரு. மெய்யாலுமே மித்ரா, நூத்தம்பது வரைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு தான் சொன்னாரு. நானும் நம்பிட்டேன்.

— நம்பி இருந்தா அந்தக் கட்டத்துல அத எழுதியிருப்ப. எழுத்துப்பிழைன்னு எழுதியிருக்க மாட்ட.

— மெதுவா பேசு. அக்கா வூட்டுக்காரரு வேதமாணிக்கம் அண்ணன் வராரு.

— நோயலு, நீயும் வந்துட்டியா நைனா? இப்ப தான் கண்ணு முழிச்சா. மூச்சு கொஞ்சம் தேவல. ரெண்டு நாளு வச்சிப் பாக்கணுமாம்.

— அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணே.

— பொட்டி மேல தப்பு இல்ல நைனா. போன மாசம் அந்தப் புது பக்கத்தப் பாத்து நாந்தான் நம்பர மாத்தி வச்சேன். எதனா தப்பா அமுக்கிட்டேன் போல. நேத்து மத்தியானம் வந்து பாத்தா, அவ ஜன்னலாண்ட மூச்சு முட்டிக் கெடக்கறா, பொட்டி கம்முனு கீது. நீங்க ரெண்டு பேரும் எவ்ளோ பாடுபட்டு எழுதி வச்சீங்க. எனக்குத் தான் துப்பு இல்ல.

— அண்ணே, நீங்க தப்பா எதுவும் அமுக்கல.

— வுடு பாப்பா. மருந்து சீட்டு குடுத்துகிறாங்க, கீழ போயி வாங்கியாந்துட்றேன். கொஞ்சம் இங்கயே இருங்க.

— போய்ட்டாரா?

— படி எறங்கிட்டாரு. மித்ரா, நான் இப்பவே அத அம்பதுக்கு மாத்திட்றேன்.

— காலைலயே மாத்திட்டேன்.

— அப்பறம் இன்னா? முடிஞ்சிது இல்ல?

— பக்கத்துல மாறிடுச்சி. ஜனத்து வூட்ல மாட்டிகிற பொட்டில யாரு மாத்தறது? திருவொத்தியூர்ல மட்டும் அறுவது வூட்ல நூத்தம்பதுல கீது. எல்லாருக்கும் குரூப்ல எழுதப் போறேன். எந்தத் தேதி, எந்தப் பக்கம், யாரு மாத்தனது, எதுக்கு மாத்தனதுன்னு.

— நம்பர மட்டும் மாத்தச் சொல்லு. என் பேரு வோணாம். வேல பூடும். ராயபுரத்துல நான் தல காட்ட முடியாது. நாலு வருசம் ஒண்ணா ஒக்காந்து எழுதனோமே, அதுக்காகவாவது.

— அந்த நாலு வருசம் தான் என்னக் கவுத்துச்சு நோயல். வேற யாரு திருத்தி இருந்தாலும் ஏன்னு கேட்டிருப்பேன்.

— அப்போ நான் திருத்தனத நீ பாக்கவே இல்லியா?

— பாத்தேன். அம்பது நூத்தம்பதா மாறிகிறத அன்னிக்கே கண்ணால பாத்தேன். நோயல் போட்டா சரியா தான் இருக்கும்னு சம்மதம் அமுக்கி விக்கில ஏத்தனதே நானு. குரூப்ல மொதல்ல என் பேரத் தான் எழுதி வச்சிகிறேன்.