‘தாத்து’ என்று சொன்னது யார்

மாலை ஏழு மணி ஆகப் போகிறது. பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் சாலையில் ஒரு வளைவு தாண்டினால் வீடுகள் நின்றுவிடும். பிறகு இரண்டு பக்கமும் ரப்பர்தான். மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. புளித்த ரப்பர்ப் பாலின் நாற்றம்... அதற்கு நடுவில், ட்ரெய்லர் மேல், வெள்ளையாக ஒரு ஸ்பீடு போட்.

ராத்திரி ஜெபம் முடிந்து இப்படி நெருக்கி உட்கார்ந்து நாம் சொல்லும் கதைகள் எல்லாம் யாரோ ஒருவரின் சித்தப்பாவுக்கு நடந்தவை. இது ஜிஜியின் கணவன் வினீத்துக்கு நடந்தது. வினீத் என் தம்பி. நான் இதைத் தொடங்கினால் ஜிஜி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

போட் பூவாறில் ஜெயசிங் என்பவருடையது. பின்னால் தொங்கும் என்ஜினைத் தூக்கவும் இறக்கவும் அதில் ஒரு சின்ன பம்பு உண்டு. முன்னால் இருக்கும் ஹேண்டிலில் அதன் ஸ்விட்ச். ஒருநாள் ஜெயசிங் என்ஜினுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, யாரும் ஸ்விட்சைத் தொடாமலே என்ஜின் இறங்கியது. அவர் உடலை வெளியே எடுக்க மண்ணைத் தோண்டினார்கள்.

அதன்பிறகு அந்தப் போட்டை யாரும் தொடவில்லை. வினீத் வாங்கினான்.

“பேயுமில்ல ஒண்ணுமில்லக்கா, உப்புக்காத்தாக்கும். வயரு அரிச்சு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டிருக்கு. நான் புது வயரு இழுப்பேன்” என்றான்.

துபாயில் போட் பழுதுபார்க்கும் கொட்டகையில் வருஷக்கணக்காக இருந்தவன். லீவில் வந்திருந்தான். அவன் மகள் அவனை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டாள். “இது ஓடிச்சுண்ணா நான் இனி போகல்ல” என்று ஜிஜியிடம் சொன்னான். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

கடலில் ஓட வேண்டியது ரப்பருக்குள் நிற்பதைப் பார்த்து, ரப்பர்ப் பால் எடுக்க வரும் வேலாயுதன் தினமும் கேட்பார்: “எலே வினீத்தே, நோவாவுக்க பேழையா இது? வெள்ளம் எப்ப வரும்ணு சொல்லு, எனக்க பசுவக் கொண்டு வாறேன்.”

“பசுவுக்கு இடம் உண்டு. உமக்கு இல்ல.”

அன்று நீல வயரும் பச்சை வயரும் இழுத்து முடித்திருந்தான். நீலம் ஏற, பச்சை இறங்க. ஜிஜியின் அண்ணன் பிஜு ஹேண்டிலில் நின்றான். பொழியூரில் மீன்பிடி போட் ஓட்டுகிறவன்.

டிக்... ர்ர்ர்ர்... என்ஜின் ஏறியது. இறங்கியது. வினீத் சிரித்தான்.

இனி, பம்பின் அடியில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜினைத் தூக்கி நிறுத்திப் பூட்டும் கொக்கி துருப்பிடித்து ஒடிந்திருந்தது. அதனால் என்ஜினை முழுதும் இறக்கிவிட்டு அடியில் தார்ப்பாய் விரித்து மல்லாந்து படுத்துப் பார்த்தான். என்ஜினின் வாலுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம்.

“பாத்தியாக்கா? முழுசா இறங்கினாலும் எனக்க மேல தொடாது. ஜெயசிங் அண்ணன் போட்டத் தரையில வெச்சு வேலை செய்தாரு. அதனாலயாக்கும் நசுங்கினாரு.”

என்ஜினை மறுபடி ஏற்றினார்கள். அடியில் நுழையும்முன் பிஜுவிடம் சொன்னான்: “அளியா, நான் தாத்துண்ணா தாத்து. விடுண்ணா விடு.”

“சரி மக்கா.”

பிழை அங்கே நடந்துவிட்டது. எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ‘தாத்து’ என்றால் இருவருக்கும் இறக்கு. வினீத்தின் கொட்டகையில் ‘விடு’ என்றால் ஸ்விட்சிலிருந்து கையை எடு. பிஜுவின் கடலில், முன்னால் நிற்பவன் ‘விடு’ என்று கத்தினால்... நிறுத்தாதே, முழுசாகக் கொடு.

வழுக்குகிறது என்று தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு, வினீத் வெறும் சேற்றில் படுத்தான். நான் முட்டுக்குத்தி டார்ச் பிடித்தேன். பிஜுவுக்கு அங்கிருந்து நாங்கள் தெரியமாட்டோம்.

சொட்டு... சொட்டு... வேறு சத்தமே இல்லை.

“தாத்து.”

நான் வினீத்தின் முகத்தைப் பார்த்தேன். அவன் வாயில், பல்லுக்குக் குறுக்கே, ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

டிக்.

என்ஜின் இறங்கியது. வினீத் பதறவில்லை. அளந்து படுத்தவன் அல்லவா. எனக்குக் கையைக் காட்டினான், ஒன்றுமில்லை என்று. ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு வந்து அவன் சட்டையைத் தொட்டது... நிற்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது. “விடு!”

பம்பு உறுமியது.

“விடு! அளியா, விடு!”

பிஜு இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினான். மரச்சீனிக் கம்பை முறிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. வினீத்தின் கால்கள் மண்ணை உதைத்தன. வாயிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. “நிறுத்துலே, பிஜு, நிறுத்து!”

நின்றது. ஆனால் அந்த இரும்பை அவன்மேலிருந்து எடுக்க அதே ஸ்விட்சைத்தான் மறுபடி அமுக்க வேண்டும். பிஜு அழுதுகொண்டு கேட்டான்: “அக்கா, எது மேல? எது மேல?”

என்ஜின் ஏறியது. நான் தோளையும் பிஜு காலையும் பிடித்து அப்படியே தூக்கி எடுத்தோம். ஆட்டோவில் அவன் தலை என் மடியில் கிடந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரி வருமுன் ஒருமுறை கண் திறந்தான்.

“அக்கா... அடியில ஆளு உண்டு...”

“எங்க மக்கா?”

“எனக்க அடியில... பிடிச்சோண்டு கிடக்காரு... விடமாட்டேங்காரு...”

பிறகு பேசவில்லை. மூச்சும் நின்றது.

ஆஸ்பத்திரியில் பின்சி என்ற நர்ஸ் அவன் சட்டையை வெட்டி எடுத்தாள். நெஞ்சில் அந்த இரும்பு வாலின் வடிவம் அப்படியே பதிந்து குழிந்திருந்தது. முதுகைப் பார்க்க அவனைத் திருப்பினாள். விரலால் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

“சேச்சி, இவரு மெத்தையிலயா கிடந்தாரு?”

தரையில் என்று சொல்ல வாயெடுத்தேன். என் முழங்கால், சேலை, பிஜுவின் கை, நெஞ்சு, எல்லாம் சிவந்த சேறு. வினீத்தின் குதிகாலிலும் சேறு.

அவன் முதுகில் ஒரு பொட்டு மண் இல்லை. சட்டையின் பின்பக்கம் நனையக்கூட இல்லை.