வேஷம் கலையுமுன் பேசிவிடுகிறோம்

மேடைக்கு மெருகும் திரைக்குத் திருவும் தந்த தகைசால் பெரியவரே, அரசனாய் வந்தால் அரியணைக்கும் ஆண்டியாய் வந்தால் அழுக்குத் துணிக்கும் பெருமை சேர்த்த பெருங்கலைஞரே, நடித்தும், நாடகம் நடத்தியும், படம் எடுத்தும் எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் காத்த அன்பாளரே, வணக்கம்.

இதே தோரணையில் இன்னும் நாலு வரி ஒப்பனைக்காரர் சொல்லிக் கொடுத்தார். கைதான் ஒத்துழைக்கவில்லை. படுதாவும் பலகையும் தூக்கிக் காய்த்த கை. எழுத்து அதற்கு வயதான பிறகு வந்து சேர்ந்தது. மிச்சத்தை எங்களுக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிடுகிறோம், பொறுத்தருள்க.

ஐயா, இன்றைய நாடகம் முடிந்து திரை இறங்கிவிட்டது. ஆனால் நீங்கள் இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லை. முகத்தில் பவுடர் இருக்கிறது, ஒட்டுமீசை இருக்கிறது. வேஷத்தில் இருப்பவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது நம் குழுவின் சட்டம். தெரிந்தேதான் மீறுகிறோம்.

உங்கள் பாராட்டு விழாவுக்கு வந்திருக்கும் விருந்தினருக்கு அந்தச் சட்டம் பிறந்த கதை தெரியாது. முன்பொரு நாள் ராஜா வேஷக்காரர் மேடையேறும் நேரத்தில், அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் திறந்தபடி கிடப்பதாக யாரோ காதில் போட்டுவிட்டார்கள். அவரும் போய் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, "மந்திரி, குழாயை மூடினீரா?" என்று கம்பீரமாகக் கேட்டார். மந்திரியாக நின்ற நீங்கள் அசரவில்லை. "அகழியே நிரம்பிவிட்டது மன்னா, எதிரி இனி நீந்தித்தான் வர வேண்டும்" என்றீர்கள். கொட்டகை அதிர்ந்தது. உள்ளே வந்ததும் சட்டம் போட்டீர்கள்: பவுடர் பூசிய முகத்திடம் பேச்சு கிடையாது. அன்று முதல் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு என்று இப்போது தெரிகிறது.

உங்கள் கலைப் பயணத்தை விரிக்கப் பொழுது போதாது. சினிமாவுக்குப் போன புதிதில், "ஐயா, மைக் உங்க மூக்குக்கு முன்னாடிதான் இருக்கு, இவ்வளவு சத்தம் வேணாம்" என்று இயக்குநர் கெஞ்சியபோது, "பின்வரிசையில உக்காந்திருக்கிறவன் என்னய்யா பாவம் பண்ணினான்?" என்று கேட்டவர் நீங்கள். சொந்தப் படத்தில் மழைக் காட்சிக்குக் குழாயெல்லாம் மாட்டி முடித்த நேரத்தில் நிஜ மழை கொட்டியது. "வானத்துக்கு யாருய்யா அட்வான்ஸ் குடுத்தது?" என்று சிரித்துக்கொண்டே எங்களோடு நனைந்து சாமான் தூக்கினீர்கள். அந்தப் படம் ஓடவில்லை. ஊரெல்லாம் உங்களைக் கைவிட்ட அந்த நாளிலும், எங்களில் ஒருவரையும் நீங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. மறு வாரமே பழைய நாடகத்தைத் தூசி தட்டி மேடையேற்றினீர்கள்.

உங்கள் சட்டத்தை மீறியவர் ஒருவர்தான் இருந்தார். குழுவின் உடைகளைப் பார்த்துக்கொண்ட உங்கள் மனைவி, எங்கள் அண்ணி. நீங்கள் கிரீடத்தோடு நின்றாலும் பக்கத்தில் வந்து, "முதுகுல ஊசி குத்துதா? சொல்லித் தொலைங்களேன். உங்க சட்டமெல்லாம் உங்க ஆளுங்களுக்கு, எனக்கில்ல" என்பார். அண்ணி போன பிறகு அந்தக் குரலும் போயிற்று.

அதற்குப் பின்தான் நீங்கள் மதியமே வர ஆரம்பித்தீர்கள். நாடகமோ மாலையில். வெயில் தணியுமுன்பே கண்ணாடி முன் உட்கார்ந்து பவுடர் பூசிவிடுவீர்கள். பிறகு பக்கவாட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்வீர்கள். துக்கத்தில் இருக்கிறார், யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் சீக்கிரமே வேஷம் போடுகிறார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். தச்சர் உங்களைக் கண்டால் சுத்தியலை ஓசையின்றிக் கீழே வைப்பார். விளக்குக்காரர் சுற்றுவழியில் போவார். மரியாதை என்று நினைத்து உங்களைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பினோம்.

போன வாரம் வாசலில் புதிதாய்க் கடை போட்ட டீக்கடை அக்காவுக்குச் சட்டம் தெரியாது. "என்னங்கய்யா, வேர்வையில மூஞ்சி வழியுதே, ஒரு டீ குடிங்க" என்று நேரே வந்து கொடுத்துவிட்டார். நாங்கள் உள்ளிருந்து கையைக் காட்டித் தடுத்துப் பார்த்தோம், அவர் கவனிக்கவில்லை. நீங்கள் அன்று அவரிடம் பேசினீர்கள். டீ ஆறி ஆடை கட்டும்வரை பேசினீர்கள்.

அக்கா உள்ளே வந்து எங்களைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "அந்த மனுசன் பேச ஆளில்லாம வாசல்ல வந்து உக்காந்திருக்காரு. நீங்க என்னடான்னா தூண் மாதிரி நிக்கிறீங்க."

"சட்டம்க்கா," என்றார் தச்சர்.

"சட்டமாம் சட்டம். வீட்ல உக்காந்தா சுவத்தைப் பாக்கணும், இங்கன்னா நாலு பேர் நடக்கிறதையாவது பாக்கலாம்னு சொல்றாரு. சீக்கிரமா வர்றதுக்கு வேஷம் ஒரு சாக்காம். அடுத்த வாரம் முதியோர் இல்லத்துக்குப் போறாராம், தெரியுமா?"

எங்களுக்குத் தெரியாது ஐயா. முழங்கால் படியேற மறுக்கிறது, குழுவை இளையவர்களிடம் ஒப்படைக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சொல்லி வெளியூர் இல்லத்தில் இடம் பிடித்ததும், நாளைக் காலை கார் வரச் சொன்னதும் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. "இங்க என்கிட்ட பேச யாருக்கும் எதுவும் மிச்சமில்லம்மா" என்றீர்களாம். அதைக் கேட்டபின் ஒப்பனைக்காரர் வெகுநேரம் துடைத்த தூரிகையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் நிறைய இருக்கிறது ஐயா. தச்சருக்குப் பேத்தி பிறந்து ஆறு மாதமாகிறது, உங்களிடம் சொல்லவில்லை. விளக்குக்காரர் கண் அறுவை செய்துகொண்டார், சொல்லவில்லை. நேற்றைய காட்சியில் நீங்கள் அழுதது நடிப்பில்லை என்று உள்ளே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

இப்போது கேட்கிறோம். போகாதீர்கள். படுதாக்கள் வைக்கும் கொட்டகையில் தச்சரின் மேசைக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது, படியேற வேண்டியதில்லை. மதியம் எப்போதும்போல் வாருங்கள். பவுடரோடு வந்தாலும் பேசுவோம், வெறும் முகத்தோடு வந்தாலும் பேசுவோம். நீங்கள் வராத நாளில் நாங்கள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவோம்.

நீடூழி வாழ்க என்று முடிப்பதுதான் முறை. எழுதிவிட்டு அடித்தோம். தனியாக நீடூழி வாழச் சொல்வது வாழ்த்தாகாது. துணைக்குப் பேச்சுச் சத்தத்தோடு, உடலும் உள்ளமும் நலமாக, நெடுநாள் எங்களோடு இருங்கள் என்று வேண்டுகிறோம்.

இதை வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டப் போவதில்லை. தட்டினால் நீங்கள் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். சும்மா நிற்போம். நீங்கள் பேசுங்கள் ஐயா.

இங்ஙனம்,
படுதா தூக்குபவர், ஒப்பனைக்காரர், தச்சர், விளக்குக்காரர் மற்றும் குழுவினர்;
கேட்டு வாங்கிக் கையெழுத்திட்ட டீக்கடை அக்கா