வலை வீசும்போது சொல்ல ஒரு பேர்

"போன தடவ நீங்க புடிச்சது எங்கண்ணனத்தான்."

எண்பதுகளில் ஒருநாள், ஒகேனக்கல் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் அவள் கணவன். மடியில் வீச்சுவலை.

"எங்க கடத்தூர்ல கெணத்த வுட்டா தண்ணி ஏது? நானென்ன வலை வீசியா வளந்தேன்?"

"கை நல்லாத்தான் சுத்துது. பல்லுல கடிச்ச ஓரத்த விட மறந்துடறீங்க. அதான் வலை விரியாம அண்ணன் தலைல போய் விழுந்துச்சு."

"உங்கண்ணனுங்க மூணு பேரும் கரைல நின்னு பாத்தா எல்லாம் மறந்துடுது."

"வீசறப்ப எம் பேரச் சொல்லுங்க. வாய் தன்னால தொறக்கும்."

"அவங்க முன்னாலயா? உங்க வூட்ல உன்ன 'இந்தா புள்ள'ன்னுதான கூப்புடறேன்."

"அப்ப இந்தத் தடவயும் அண்ணனையே புடிங்க."

அவன் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தோள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்து, இடுப்பை லேசாகத் திருப்பினான்.

"அலமேலு."

துண்டு மடியில் விழுந்தது.

"இன்னும் சத்தமா," என்றாள் அவள். "அருவி எரச்சல்ல எனக்குக் கேக்க வேணாமா?"